மாமையும் கேமராவும்

புளியந்தோப்பில், டிமெல்லோஸ் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றின் முனையில் இட்லி விற்கும் ஆயா ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் படமெடுத்தோம். கல்லூரி ஒளிப்படக் கழக மாணவரோடு ஞாயிறுதோறும் வடசென்னையைப் பகுதி பகுதியாக நடந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தவணையில் வாங்கிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா, அதன்மேல் அரைமாதச் சம்பளத்தை விழுங்கிய லென்ஸ், தோளில் பை, நெஞ்சில் கொஞ்சம் கர்வம். வெள்ளையடித்த சுவரோரம் அமர்ந்திருந்தவரிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தோம். அடுத்த வாரம் அச்சிட்ட படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், கரிச்சட்டி மாரி எட்த்துகினு வந்துகிறீங்க? கண்ணு எங்க, மூக்கு எங்க? இத்தப் போயி சொவுத்துல மாட்ட முடியுமா?”

“வெயில் அப்படி, ஆயா” என்றான் உடன்வந்த மாணவன்.

“வெயிலு என்னிக்குடா கண்ணு இல்ல?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் சட்டமிட்ட பழைய படமொன்றை முந்தானையால் துடைத்தபடி எடுத்துவந்தார். திருமணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். மாவில் பிடித்த பொம்மைபோல வழுவழுப்பான வெளிர்முகம். “இதுல பாரு, வெள்ளக்காரி மாரி கீறேன். இதுவும் நான் இல்ல.”

நாம் பேசாமல் திரும்பினோம். ஆனால் அவருடைய பேச்சு விடவில்லை. ஒரே முகத்தை ஒரு படம் கரியாக்குகிறது, இன்னொன்று மாவாக்குகிறது. இது நம் கைப்பிழை மட்டுந்தானா என்று தேடப் புகுந்தபோது, சென்னைக்கு ஒளிப்படக்கலை வந்த நாளிலிருந்தே இப்பிழைக்கு வரலாறு இருப்பது புலனாயிற்று. கேமரா வாங்க நினைக்கும் மாணவர் நம்மிடம் முதலில் கேட்பது “எந்த கேமரா சார் வாங்கலாம்?” என்பதே. அதற்கு விடை சொல்லுமுன் இந்த வரலாற்றைச் சொல்லிவிடுவது நல்லது என்று இப்போதெல்லாம் நினைக்கிறோம்.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘புகைப்படம்’ என்பதில் புகை எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒருவர் கேட்பார். ‘ஒளிப்படம்’ என்றே நாம் எழுதுவது வழக்கம். புளியந்தோப்பில் அது ‘போட்டோ’தான், அதில் நமக்கு வருத்தமில்லை.)

சென்னை மாகாண அரசு ஒளிப்படக்காரர் ஒருவரை நியமிக்க முடிவு செய்தது 1856இல். நியமனம் பெற்றவர் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி. அதற்கு முன்பே 1854இல் ஹொய்சளர் கோயில்களைப் படமெடுத்து, அப்படங்களை 1855ஆம் ஆண்டுச் சென்னைப் பொருட்காட்சியில் வைத்துப் பரிசு பெற்றவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சென்றார். தஞ்சைப் பெரியகோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பத்தொன்பது அடிக்கும் மேல் நீளும் ஒரே படமாக்கினார். அன்றைய கருவியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பதைக் கையில் கேமரா பிடித்தவரே அறிவர்.

டிரைப்பின் படங்களில் மேகங்கள் உண்டு. அவற்றுள் பல வானத்து மேகங்கள் அல்ல. நெகடிவின் மீது அவரே தூரிகையால் தீட்டியவை. காரணம் இதுதான். அக்காலத்து வெள்ளி உப்புகள், மெழுகூட்டிய தாளில் பூசினாலும் கண்ணாடியில் கொலோடியனோடு பூசினாலும், நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் அவற்றுக்கு ஏறத்தாழ இருள். நீலவானம் அளவுக்கு மீறி வெளுத்துப்போகும், செம்மண் கறுத்துப்போகும். வெளுத்த வானத்துக்கு டிரைப் மேகம் வரைந்து ஈடுசெய்தார். மனிதர் முகத்துக்கு என்ன செய்வது? பழுப்பும் சிவப்பும் கலந்ததே நம்மவர் தோலின் நிறம். நேரில் மாந்தளிராய் மின்னும் முகம் அந்தத் தகட்டில் நிலக்கரியாகிவிடும். 1858இல் அதே டிரைப் எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். வெளிர்நிறக் கல்லின் ஒவ்வொரு மடிப்பும் அவற்றில் துலங்குகிறது. கல்லைக் காண அந்தக் கருவிக்குத் தடையேதும் இருக்கவில்லை.

அப்போதும் இக்கலை வெள்ளையரோடு நின்றுவிடவில்லை. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில், பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்த அதே பள்ளியில், ஒளிப்படமும் கற்பிக்கப்பட்டது. அப்பள்ளியின் சார்பில் படமெடுத்தவர்களுள் சி. அய்யாசாமி என்ற தமிழரும் ஒருவர். 1857இல் சென்னை ஒளிப்படச் சங்கமும் தோன்றிவிட்டது. டிரைப்பின் பணியோ நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், ஒளிப்படத்துக்குச் செலவிடுவது ஆடம்பரம் என்று கருதி அதை நிறுத்தினார். கேமரா வாங்கும்போது வீட்டில் எழும் அதே குரல்.

அடுத்து வருவது கசப்பான பகுதி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற படை அதிகாரி படமெடுத்தார். எலும்பும் தோலுமான மனிதரை வரிசையாக அமரவைத்தும் கிடத்தியும் எடுத்த படங்கள். எடுத்து முடித்தபின் அம்மனிதருக்கு அவர் என்ன செய்தார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. 1886இல் மாந்தலையில் மரண தண்டனைக்கு நிறுத்தப்பட்டவர்களைச் சுடும் நொடியில் படமெடுக்க முயன்றதற்காக விசாரணைக்கும் கண்டனத்துக்கும் உள்ளானவரும் இவரே. பஞ்சப் படங்களைப் பார்க்கும்போது நமக்கு உறைப்பது வேறொன்றும் உண்டு. அவற்றில் விலா எலும்பை எண்ணிவிடலாம். கண்களைக் காண்பது கடினம். தோலின் நிறத்தையும் குழிவிழுந்த கண்ணின் நிழலையும் தகடு ஒன்றாக்கிவிட்டது. முகமற்ற பசியாகவே அவர்கள் நமக்கு வந்து சேர்ந்தார்கள்.

புளியந்தோப்பும் அந்தப் பஞ்ச காலத்தோடு பிணைந்த ஊர்தான். ஓட்டேரி நல்லா பேசின் பிரிட்ஜ் அருகே சென்று கலக்கும் கால்வாய்க்கும், இப்பகுதி மக்களுக்கு நெடுங்காலம் வேலை தந்த பக்கிங்காம் ஆலைக்கும் பெயர் கொடுத்தவர் பஞ்ச காலத்து ஆளுநர் பக்கிங்காம் பிரபு. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை வெட்டியது பஞ்ச நிவாரண வேலையாகத்தான். ஆலை 1876இல் தொடங்கப்பெற்றது, பின்னர் கர்நாடிக் ஆலையோடு இணைந்து பி அண்ட் சி ஆயிற்று, 1996இல் மூடப்பட்டது. 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தது தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் ஆறாத புண்களுள் ஒன்று.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மீண்டும் வருவோம். 1885 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மனிதரின் மூக்கையும் மண்டையையும் அளந்தார், அளந்தவரைப் படமும் எடுத்தார். 1909இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளில் அப்படங்கள் சாதி வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. பெயரில்லை, ‘இன்ன சாதியான்’ என்பதே பெயர். இதற்கிடையே 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற செருமானியர், தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையையும் மஞ்சளையும் உணரச் செய்யலாம் என்று கண்டார். 1906 முதல் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. ஆக, இருபதாம் நூற்றாண்டில் நம் முகம் உள்ளபடி பதியத் தடையில்லை என்று ஆயிற்று. வேதியியல் விடுத்த தடையை நம் ஸ்டூடியோக்கள் பிடித்துக்கொண்டன.

ஆயாவின் திருமணப் படத்துக்கு வருகிறோம். முகத்துக்குப் பவுடர், எதிரே ஆயிரம் வாட் விளக்கு. அதன்பின் இருட்டறை வேலை. நெகடிவின் மீது மெல்லிய பூச்சொன்றைத் தடவி, கூரிய பென்சிலால் முகத்தின் பகுதியை மட்டும் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். நெகடிவில் அடர்த்தி கூடினால் அச்சில் வெளுப்பு கூடும். அம்மை வடு மறையும், சுருக்கம் மறையும், நிறமும் மறையும். ‘டச்சப்’ என்ற இந்த வேலையில் கைதேர்ந்தவருக்கு ஸ்டூடியோக்களில் தனி மதிப்பு. இதை ஏமாற்று என்று சொல்லிவிட நமக்கு மனமில்லை. பெண் பார்க்கும் படலத்துக்குப் போகும் படம் ‘கலரா’ இருக்கவேண்டும் என்று கேட்டவர்கள் வாடிக்கையாளர்களே.

இங்கே ஒரு தமிழாசிரியனின் முணுமுணுப்பு. சங்க இலக்கியம் தலைவியின் நிறத்தை ‘மாமை’ என்று கொண்டாடுகிறது. மாந்தளிரின் நிறம், கருமையும் செம்மையும் மினுமினுப்பும் சேர்ந்த நிறம். தலைவன் பிரிந்தால் அந்த மாமை அழிந்து முகம் வெளிறும். அதற்குப் பெயர் பசலை. அதாவது, வெளுப்பு நம் பழைய கவிதையில் நோயின் குறி. ஈராயிரம் ஆண்டு கழித்து, மணக்கோலத்தில் இருக்கும் பெண்ணுக்கு நாமே பென்சிலால் பசலை பாய்ச்சியிருக்கிறோம்.

வண்ணப்படச் சுருள் வந்தபோது பிழை மீண்டும் தொழிற்சாலைக்கே போயிற்று. 1950களின் நடுவிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஓர் அளவுப்படத்தை அனுப்பிவந்தது. வண்ண ஆடை அணிந்த வெள்ளைப் பெண்ணொருத்தியின் படம் அது. அதில் முதலில் தோன்றிய பணிப்பெண்ணின் பெயரால் ‘ஷெர்லி அட்டை’ என்றே வழங்கலாயிற்று. ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கரிய தோலில் பற்களும் கண்வெண்மையும் மட்டும் துருத்தித் தெரிந்தால் அது படமெடுத்தவன் பிழை. இக்குறையைப் போக்க வேண்டும் என்று கோடாக்கை நெருக்கியவர்களுள் முன்னிற்பவர், கரிய மக்கள் அல்லர். சாக்லேட் விற்போரும் மரச்சாமான் விற்போருமே. தம் விளம்பரங்களில் பால்சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பது அவர்கள் முறையீடு. 1995இல்தான் பல நிறத்தாரும் இடம்பெற்ற அட்டை வந்தது.

இனி டிஜிட்டல். 1975இல் கோடாக்கின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் கருவி மூன்றரைக் கிலோவுக்கும் மேல் எடை. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி. 2003இல் கேனான் 300டி ஆயிரம் டாலருக்குள் வந்த பிறகு நம்மைப் போன்ற சம்பளக்காரர் கையிலும் எஸ்.எல்.ஆர். ஏறிற்று. இதன் உணர்வி எல்லா நிறங்களையும் காணும். ஆனால் எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் ஒளியளவி, எதிரே இருப்பது எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறமே என்று எடுத்துக்கொள்கிறது. ஆயாவின் பின்னே இருந்தது வெள்ளைச் சுவர். அதைச் சாம்பலாக்க நம் கருவி ஒளியைக் குறைத்தது. சுவர் அழகாக வந்தது, முகம் கரியாயிற்று. அரைமாதச் சம்பளத்து லென்ஸ், கரியை மிகத் துல்லியமாகப் பதிந்து தந்தது.

ஆகவே நம் முதல் அறிவுரை செலவில்லாதது. கேமராவின் ஒளியளவைப் புள்ளி அளவீட்டுக்கு மாற்றி, முகத்தின் மீது வைத்து அளவெடுங்கள். கருவி சொல்லும் அளவை அப்படியே ஏற்றால் கரிய முகம் சாம்பலாய் வெளிறிவிடும். ஆதலால் அதிலிருந்து முக்கால் அல்லது ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். முழுச்சட்ட அளவீட்டிலேயே எடுப்பவராயின் நிலைமை தலைகீழ். வெள்ளைச் சுவர் பின்னிருந்தால் ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்டவேண்டும். சுவர் வெளுத்துப் போகும். போகட்டும், நாம் சுவரைப் படமெடுக்கப் போகவில்லை.

“குறைவாக எடுத்துவிட்டு வீட்டில் கணினியில் தூக்கிக்கொள்ளலாமே” என்பார் மாணவர். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு வண்ணத்திலும் 256 படிநிலைகளே கொள்ளும்; 14 பிட் ரா கோப்பு 16,384 கொள்ளும். ஆனால் உணர்வி அப்படிநிலைகளைச் சமமாகப் பங்கிடுவதில்லை. மிக வெளிச்சமான ஒரு படிக்கே பாதியைக் கொடுத்துவிடுகிறது. அடுத்ததற்கு எஞ்சியதில் பாதி. இப்படியே இறங்கி நிழலுக்கு வரும்போது கைப்பிடியளவே மிஞ்சும். கரிய முகத்தைக் குறைந்த ஒளியில் எடுத்துப் பின்னர் தூக்கினால் எழுவது முகமன்று, மணல்மணலான இரைச்சல். எனவே ராவில் எடுங்கள். எடுக்கும்போதே முகத்துக்கு வேண்டிய ஒளியைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஒளியின் திசை. சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கும். மற்ற மாதங்களிலும் பதினொரு மணிக்குமேல் கண்குழியில் நிழல்தான். வெளிர்ந்த தோலின் வடிவத்தை நிழல் காட்டும். கரிய தோலின் வடிவத்தை அதன்மேல் படியும் மினுப்பே காட்டும். கன்னத்தின் மேட்டிலும் நெற்றியிலும் மூக்கின் தண்டிலும் அகன்ற, மென்மையான ஒளி வழுக்கவேண்டும். இதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. புளியந்தோப்பின் குறுகிய சந்துகளில் ஒருபுறம் வெயில் அடித்தால் எதிர்ச்சுவர் பெரிய விளக்காக மாறுகிறது. வாசற்படிக்கு ஓரடி உள்ளே, கதவு நிழலில் அமரச் சொல்லுங்கள். ஒளி போதவில்லையென்றால் ஒரு தெர்மாகோல் பலகை. எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். நேர் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தடவிய நெற்றியில் அது சூடு வைத்தாற்போல் ஒரு வெள்ளைத் தழும்பை விடும். வாரியக் குடியிருப்புகளில் கூரை நோக்கி ஃபிளாஷைத் திருப்பலாம் என்று போகிறவர், கூரையின் நிறத்தை முதலில் பார்ப்பது நலம். இளம்பச்சைச் சுவர் முகத்தையும் பச்சையாக்கிவிடும். வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து வண்ணச் சமன் செய்துகொண்டால் தீரும்.

லென்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மலிவு, நல்லது, பழையதாகவும் கிடைக்கும். ஆனால் சிறிய உணர்வி கொண்ட கேமராவில் அது 75 மி.மீ. போலாகிவிடுவதால், ஆறடிச் சந்தில் பின்னால் நகர இடமிராது. 35 மி.மீ. எடுத்துக்கொள்ளலாம். துறைமுகக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதே பெரிய செலவு. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவும் நாலு பொட்டலம் சிலிகா ஜெல்லும் போதும். அரிசிக்குள் புதைப்பவர் அரிசித் தவிட்டைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கைபேசியில் எடுப்பவரே இன்று மிகுதி. அவர்கள் திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியளவைக் கையால் ஏற்றி இறக்கப் பழகவேண்டும். அதற்குமுன் ‘பியூட்டி’ என்ற வசதியை அணைத்துவிட வேண்டும். அந்தக் காலத்து டச்சப் பென்சில் இப்போது யாரும் கேளாமலே வேலை செய்கிறது என்பதைத் தவிர அதில் புதிதாக ஒன்றுமில்லை. கூகுள் நிறுவனம் 2021இல் தன் கைபேசியில், கரிய தோல்களை உள்ளபடி காட்டுவதற்கென்றே கணிமுறையைத் திருத்தி ‘ரியல் டோன்’ என்று பெயரிட்டது. டிரைப் மேகம் தீட்டி நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகு.

கருவியை யார் பிடிக்கிறார் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. மதுரையில் மீன் விற்கும் தாய் கடன்பட்டு வாங்கித் தந்த கேமராவில் தொடங்கியவர் எம். பழனிகுமார். 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றவர். அவரிடம் பயின்ற வடசென்னைப் பிள்ளைகள் தம் தெருக்களையும் தம் வீட்டாரையும் எடுத்த படங்கள் 2023இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தர்ஸ்டன் அளவுகோலோடு நின்ற அதே வளாகம்.

ஆயாவிடம் மூன்றாம் முறை போனது ஒரு மார்கழிக் காலை. வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “திரும்ப வந்துட்டியா சார்?” என்று சிரித்தார். வாசற்படிக்கு உள்ளே ஸ்டூலைப் போட்டு அமரச் சொன்னோம். மாணவன் தெர்மாகோலைப் பிடித்தான். முகத்தில் அளவெடுத்து, முக்கால் படி குறைத்து, ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 2.8, நொடியில் 250இல் ஒரு பங்கு. ஏழெட்டுப் படம் எடுத்தோம். மூக்குத்தியைச் சரிசெய்ய வேண்டுமென்று இடையில் ஒருமுறை எழுந்து போய்வந்தார்.

அச்சைக் கொடுத்தபோது முன்போலவே வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இம்முறை நேரமெடுத்தது.

“இது நான்தான்” என்றார். பிறகு, “இதுவே பெர்சா ஒண்ணு போட்டுக் குடு சார். நாளிக்கு மாலை போட்றதுக்கு ஒரு போட்டோ வோணுமில்ல? பசங்க அந்தக் கல்யாணப் போட்டோவ மாட்டிடப் போறானுங்கன்னு பயந்துகினு இருந்தேன்.”

பன்னிரண்டுக்கு எட்டு அங்குலம், மேட் தாள். சட்டம் அவரே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.